பின்சீட்டு பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். மீதிப் பாதி அவரிடம் கற்றுக்கொள்ளாததால்தான் சாலையில் இத்தனை விபத்து என்பது அவருடைய கணிப்பு. கிளட்சைப் பாதி மட்டும் விடச் சொல்லி "ஆஃப் கிளட்ச், ஆஃப் கிளட்ச்" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர். அதனால் பயிற்சிப் பள்ளியில் அவர் இல்லாதபோது அவருக்கு ஆஃப் கிளட்ச் என்றே பெயர். எதிரில் இருக்கும்போது மாஸ்டர்.

தொழிலில் அவர் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக்கொடுக்கிறவர் மிதிப்பதற்கு. மற்றவர்கள் அதை ஓங்கி மிதித்து, ஓட்டுகிறவனின் மூக்கை ஸ்டியரிங்கில் இடிக்கவிட்டு, பிறகு அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். மாஸ்டர் அப்படியில்லை. பூவை மிதிப்பது மாதிரி மிதிப்பார். வண்டி அழகாக வேகம் குறையும். ஓட்டுகிறவன் தானே குறைத்ததாக நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவான்.

"அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா நம்பிக்கை போயிடும். தெரியாமப் பிடிக்கணும். பிடிச்சதை ஒருத்தர்கிட்டயும் சொல்லவும் கூடாது. அங்கதான் இருக்கு கலை" என்று தினமும் சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொல்வார்.

"ம்" என்பாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் வீடு வீடாகப் போய், படுத்துக் கிடப்பவர்களிடமும் ஊசியைக் கண்டதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்பவர்களிடமும் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கெடுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தாள். கார் ஓட்டத் தெரிந்தால் நிலையமே ஒரு சின்னக் கார் கொடுக்கும் என்றார்கள். ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அவளை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார். அன்றைக்கு மட்டும் அவருடைய கலை லீவு போட்டுவிட்டது. பூ மிதிக்கிற கால் ஓங்கி ஓங்கி மிதித்தது. அரை மணி நேரத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது.

"உனக்கு ரோடு சென்ஸே கிடையாது. பிறவியிலேயே இல்ல. விட்டுடு."

விட்டுவிட்டாள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றார்கள். ஓட்டுகிற இடத்தில் ஒரு வங்கி மேலாளர், குளித்துவிட்டுத் துவட்டாதவர் மாதிரி வியர்த்துக்கொண்டு. பக்கத்தில் மாஸ்டர். அடுத்த வரிசையில் வேறொரு பயிற்சிப் பள்ளியின் கார் வந்து நின்றது. அந்தப் பள்ளியை நடத்துகிறவன் மாஸ்டரிடமே படித்தவன். அவனிடம் இன்றைக்கு எந்த ஏமாளி மாட்டியிருக்கிறான் என்று பார்க்கிற ஆசையில் மாஸ்டர் திரும்பினார்.

ஸ்டியரிங் பிடித்திருந்தது அவருடைய மனைவி.

அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிரே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது. அவளுடைய வண்டி தண்ணீரில் தள்ளிவிட்ட படகு மாதிரி நகர்ந்து போயிற்று. வங்கி மேலாளர் பதறித் தன் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டினார்கள். அன்றைக்கு மாஸ்டர் அந்த மேலாளரைத் திட்டின திட்டில் பாதிதான் அந்த மேலாளருக்கு உரியது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"உங்களைக் கேட்டேன், வராதுன்னுட்டீங்க. அதான் வேற இடத்துல கேட்டேன்."

"போயும் போயும் அவன்கிட்டயா? டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயிலானவன் அவன்!"

"தெரியும். அதனாலதான் பொறுமையாச் சொல்லித்தர்றாரு."

லைசென்ஸ் வந்தது. நிலையத்துக் காரும் வந்தது. அதற்கடுத்த வாரம் அவள் இரண்டு பைகளோடு வாசலில் நின்றாள். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறாளாம்.

"இத்தனை வருஷமா உங்க முதுகையே பாத்துட்டேன். கொஞ்ச நாள் ரோட்டைப் பாக்கணும்" என்றாள்.

முதுகு என்றதை உவமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கு உவமையெல்லாம் வராது. அவர்களிடம் ஒரு இரட்டைச் சைக்கிள் இருந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள். அவள் தனியாக ஒரு சைக்கிள் கேட்ட சமயத்தில், "தனியா விட்டா நேராப் போய் லாரிக்கு அடியில நிப்பே" என்று சொல்லி மாஸ்டர் வாங்கிவந்தது அது. முன்சீட்டு யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

அதைப் பூட்டிக்கொடுத்த சைக்கிள் கடைக்காரர், வண்டி கனமானது, மலைப்பக்கம் இறக்கினால் இரண்டு பிரேக் போதாது, பின்சக்கரத்துக்கு இன்னொன்று வேண்டும் என்றார். முன் ஹேண்டில்பாரில் மூன்றாவது பிரேக்குக்கு இடமில்லை. பின் ஹேண்டில்பாரில் வைத்தார்.

மாஸ்டர் சிரித்தார். "வையுங்க, வையுங்க. அவ கையில பிடிச்சுக்க ஒரு பொம்மை வேணும்ல." பிறகு மனைவியிடம், "இதை நீ தொடவே கூடாது, என்ன? வண்டி என் கன்ட்ரோல்ல இருக்கணும்" என்றார்.

"சரிங்க" என்றாள்.

ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலை மேலிருக்கும் ஏரிக்குப் போய் ஒரு இரவு தங்கிவிட்டு வருவார்கள். ஏற்றத்தில் மாஸ்டர் பின்னால் திரும்பாமலே கேட்பார். "நீ மிதிக்கிறியா, வேடிக்கை பாக்கிறியா?" "மிதிக்கிறேங்க." "எனக்கு ஒண்ணும் தெரியலையே." திரும்பி வந்ததும் விருந்தாளிகள் நடுவில், "பின்னாடி ஒரு மூட்டையைக் கட்டிக்கிட்டு மலை ஏறினேன்னு வச்சுக்கங்க" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மூட்டையும் சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்து வைக்கும். இறக்கத்தைப் பற்றி மாஸ்டருக்கு ஒரு கொள்கையே உண்டு. பயிற்சிப் பள்ளியிலும் அதைப் போதித்தார். "அவ்வளவு பெரிய மலை. ரெண்டு விரல்ல இறக்கிட்டு வருவேன். பிரேக்குக்கு ரெண்டு விரல் போதும். மீதி எல்லாம் இங்க" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

அவள் போய் நான்கு மாதமாகிறது. கொஞ்ச நாள் என்றுதானே சொன்னாள்? மாஸ்டர் அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவள் செருப்பு விடுகிற மூலையில் தன் செருப்பை விடுவதில்லை. கட்டிலில் சுவர் ஓரமாகவே படுத்தார். கொஞ்ச நாளை வெட்டிச் சுருக்குவதற்கு வழியும் யோசித்து வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த வருடம் தனியாகவே ஏரிக்குப் போக வேண்டியது, அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்ப வேண்டியது. பின்னால் மூட்டை இல்லாததால் இரண்டு மடங்கு வேகத்தில் போய்ச் சேர்ந்தது தெரிந்தால் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். தைத்தால் வருவாள். இதுதான் கணக்கு. இதைவிட மடத்தனமான கணக்குகளைப் பெரிய பெரிய கம்பெனிகளே போடுகின்றன என்பதால் நாம் அவரைக் குறை சொல்ல முடியாது.

கூடாரத்துக்குப் புது முளைக்குச்சிகள் வாங்கப் போன கடையில், தாடி வைத்த விற்பனையாளர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "தனியாப் போறதுங்கறது ஒரு பயணம் இல்ல சார். உங்களையே நீங்க கண்டுபிடிக்கிறது."

"நான் எங்கய்யா தொலைஞ்சேன்? குச்சியக் குடு" என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை விடியும்போது மைத்துனன் வழியனுப்ப வந்தான். மனைவியின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அக்காவோடும் பேசிக்கொண்டு மாமாவோடும் பேசிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஜீவன்.

"மாமா, சாதா சைக்கிள் ஒண்ணு நான் தர்றேன். இதுல எதுக்குத் தனியா?"

"அப்பதான் மாப்ளே விஷயம் புரியும்."

"யாருக்கு?"

மாஸ்டர் ஏறிக்கொண்டார். முன்பெடலை மிதித்ததும் பின்பெடல்களும் சேர்ந்து சுற்றின. இரண்டையும் ஒரே சங்கிலி இழுக்கிறது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை சுற்றும்.

முதல் தெருமுனை தாண்டவில்லை, ஒரு பால்காரர் கூவினார். "சார்! பின்னாடி ஆள் விழுந்துட்டாங்க!"

மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். காலி சீட். பால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஸ் நிறுத்தத்தில் ஒருவர், "என்ன சார், அம்மாவை எங்க தவறவிட்டீங்க?" என்றார். பெட்ரோல் பங்கில், "பின்சீட்டு காலியா இருக்கே, நான் வரட்டா?" என்றது ஒரு குரல். உலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே ஒரு நகைச்சுவைதான் தெரியும் போலிருக்கிறது. வழி நெடுக அதைத் தங்கள் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து எடுத்து வீசினார்கள். கொடுமை என்னவென்றால், விழுந்துட்டாங்க என்று யாராவது சொன்ன ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

ஏற்றம் ஆரம்பித்த இடத்தில் அவர் மனதுக்குள் ஒரு சின்ன விழாவே நடத்தினார். இனிமேல்தானே நிரூபணம். இடுப்பைத் தூக்கி மிதித்தார். முதல் வளைவு வரை வண்டி போயிற்று. இரண்டாவது வளைவில் முழங்கால் முனகியது. மூன்றாவதில் வண்டி நகர மறுத்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார்களோ என்று தோன்றியது. இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிரேக் எதுவும் உரசவில்லை. சாமான் அதிகம் என்று முடிவு செய்தார். போன வருடமும் இதே சாமான்தான், அதோடு ஒரு ஆளும். அதை யோசிக்க மனம் வராமல், வயது என்று மாற்றிக்கொண்டார். பிறகு எதிர்க்காற்று. மலைச்சுவர் மறைத்துக்கொண்டு இலைகூட அசையாமல் நின்ற இடத்தில் எதிர்க்காற்று.

மீதித் தூரம் முழுவதும் தள்ளிக்கொண்டே போனார்.

"நீ மிதிக்கிறியா?" என்று பாதி வழியில் அவர் வாயிலிருந்து தானாக வந்தது. பழக்கதோஷம். உடனே சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். ஒரு மாடு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் விறகு விற்கிற அம்மாள், கேட்டைத் திறக்கும்போதே பின்சீட்டைத்தான் பார்த்தாள். வருடா வருடம் அவர்களைப் பார்க்கிறவள். வழக்கப்படி இரண்டு கட்டு விறகை எடுத்து வைத்தாள்.

"அம்மா வரலையா?"

"வேலை ஜாஸ்தி. அதான்."

கூடாரம் அடிப்பதற்குள் மாஸ்டருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அது இருவர் கூடாரம். இந்த முனையைப் பிடித்தால் அந்த முனை படுத்துக்கொள்ளும். அந்த முனைக்கு ஓடினால் இந்த முனை விழும். துணிக்குள் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யாரோடோ மல்லுக்கட்டுகிறவர் மாதிரி தெரிந்தார். விறகுக்கார அம்மாள் வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"அம்மா இருந்தா ஒரு நிமிஷத்துல நின்னுடும்" என்றாள்.

"நான் சொல்லச் சொல்லத்தான் அவ செய்வா."

"ஆமாமா. நீங்க சொல்லிக்கிட்டிருப்பீங்க. அதுக்குள்ள அவங்க முடிச்சிருப்பாங்க."

மாஸ்டர் ஏரியையும் சைக்கிளையும் தன்னையும் சேர்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்தார். பின்சீட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டார். "தனியாகவே வந்து சேர்ந்தேன். யார் துணையும் தேவைப்படவில்லை" என்று கீழே எழுதி மனைவிக்கு அனுப்பினார். சிக்னல் இல்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவரே அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்துப் பார்த்து, கம்பீரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் தீ மூட்டி முட்டை வேகவைத்தார். கைப்பழக்கத்தில் நான்கு முட்டை போட்டிருந்தார். விறகுக்கார அம்மாளுக்கு இரண்டு கொடுத்தார். அவள் கல்லில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஊர் மாத்தல் இல்லையா உங்களுக்கு?"

"மாத்தலா? எனக்கென்ன மாத்தல்? சொந்த ஊர்ல சொந்தத் தொழில்."

"இல்ல, போன தடவை நீங்க கூடாரம் மடக்கிக்கிட்டிருந்தப்ப அம்மா என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இனிமே நான் வரமாட்டேன்மா, இதான் கடைசின்னாங்க. எங்கயோ தூரமா மாத்திட்டாங்க போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்." முட்டையைக் கடித்துவிட்டுச் சொன்னாள். "உப்பு இருக்கா?"

மாஸ்டர் உப்பு டப்பாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டதையும் போனதையும் அவர் கவனிக்கவில்லை. போன தடவை என்றால் போன வருடம். அப்போது லைசென்ஸ் இல்லை, கார் இல்லை, சிக்னலில் பார்த்தது இல்லை, சண்டையும் இல்லை. இறங்கி வருகிற வழியில் அவள் ஒரு பறவையைக் காட்டி ஏதோ பேர் சொன்னாள். அவர் பாடிக்கொண்டே வந்தார். அந்த இறக்கத்திலும் இரண்டு விரல்தான்.

அப்படியானால் கொஞ்ச நாள் என்று அவள் சொன்னது எதற்கு? விடைபெறும்போது நோயாளியிடம், "ஒண்ணும் இருக்காது, ரிப்போர்ட் வரட்டும்" என்பாளே, அந்த மாதிரியா?

அவர் கூடாரத்தில் தன் பாதியிலேயே ஒதுங்கிப் படுத்தார். பைகள் பனியில் நனைந்தன. அவற்றை உள்ளே இழுத்து வைக்க இடமிருந்தது. அந்த இடத்தில் வைக்க மனமில்லாமல் வெளியிலேயே விட்டுவிட்டார்.

காலையில் தூக்கம் இல்லாத முகத்தோடு கிளம்பினார். இறக்கமாவது நம்முடையது என்று ஒரு நினைப்பு. ஏற்றத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், இறக்கம் மூளையின் விளையாட்டு. இரண்டு விரலை பிரேக்கில் வைத்தார். வண்டி கிளம்பியது.

முதல் வளைவில் இரண்டு விரல் நான்கானது. இரண்டாவது வளைவில் பத்து விரலும் வேலைக்கு வந்துவிட்டன. ஆனாலும் வண்டி அடங்கவில்லை. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. மணிக்கட்டு மரத்தது. இத்தனை வருடமாக இதே மலை, இதே வண்டி, இதே வளைவு. இப்படி ஒரு தடவைகூட அது திமிறியதில்லை. வலது கால் பெடலிலிருந்து தானாக எழுந்து காற்றில் எதையோ தேடி மிதித்தது. பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம். அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. பின்பெடல்கள் மட்டும் மாஸ்டர் மிதிக்காதபோது தாங்களும் சும்மா நின்றுகொண்டு அவரோடு வந்தன.

அடுத்த வளைவில் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண்மேடு. மாஸ்டர் மண்மேட்டைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய தொழில் அறிவு அன்றைக்கு அவருக்கு உதவிய ஒரே இடம் அதுதான்.

எழுந்து உட்கார்ந்தபோது முழங்கை மடிப்பில் ரத்தம். முன்சக்கரம் வளைந்து எட்டு போட்டிருந்தது. லைசென்ஸ் தேர்வில் எட்டு போடத் தெரியாமல் விழுகிறவர்களை எவ்வளவோ பார்த்தவர் அவர். இவ்வளவு கச்சிதமான எட்டை அவர் பார்த்ததில்லை.

சைக்கிள் பக்கவாட்டில் கிடந்தது. பின் ஹேண்டில்பார் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. தொடக்கூடாது என்று அவர் சொல்லிவைத்த பிரேக் பிடியில் கறுப்பு ரப்பர் உறை இருந்தது. வாங்கியபோது அதில் வரி வரியாக மேடு இருக்கும். முன்பிடிகளில் இன்னமும் இருந்தது. இதில் இல்லை. நான்கு விரல்களும் படுகிற இடத்தில் உறை வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளேயிருக்கும் இரும்பு தெரிந்தது. மாஸ்டர் தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தார். பள்ளங்கள் சின்னவை. அவர் விரல் அடங்கவில்லை.

பூவை மிதிப்பது மாதிரி பிடித்திருக்கிறாள். முன்னால் இருப்பவனுக்குத் தெரியாமல்.

அந்த நேரத்தில் சட்டைப் பையில் கைபேசி 'டிங்' என்றது. சிக்னல் வந்துவிட்டது. நேற்று முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று, செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. யார் துணையும் தேவைப்படவில்லை. மாஸ்டர் மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தார்.

பிறகு மைத்துனனைக் கூப்பிட்டார்.

"மாமா, அடி கிடி இல்லையே? அசையாம அங்கயே இருங்க. வண்டிக்கு ஏற்பாடு பண்றேன்" என்றான்.

ஏற்பாடு வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. சின்ன வெள்ளைக் கார். கதவில் பரிசோதனை நிலையத்தின் பெயர். அவள் சரியான தூரத்தில், ஓரமாக, மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சலில்லாமல் நிறுத்தினாள். எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். இறங்கினாள்.

"தம்பி கடைய விட்டு வர முடியாதாம். இந்தப் பக்கம் ஒரு வீட்டுல சாம்பிள் எடுக்க வந்தேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடை கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

தன் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தாள். அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"சின்னதா எரியும்."

எரிந்தது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். கட்டிலில் கிடக்கிற எல்லோரிடமும் அவள் பேசுகிற குரல் அது. அன்பானது, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாதது.

"பஞ்சை வச்சிருக்கேன். கையை மடக்கிக்கோங்க. மடக்கியே வச்சிருங்க."

மடக்கியே வைத்துக்கொண்டார். சைக்கிளைக் காரில் ஏற்ற வழியில்லை. அதை மலைச்சுவர் ஓரம் சாய்த்துவிட்டு, பைகளை மட்டும் பின்னால் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கிளட்சைப் பாதி விட்டாள். வண்டி கிளம்பியது. முதல் வளைவு வந்ததும் மாஸ்டரின் வலது கால் தரை விரிப்பை அழுத்தியது.

"அங்க ஒண்ணும் இல்லைங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் காலை எடுத்துக்கொண்டார். அடுத்த வளைவில் அது மறுபடியும் போயிற்று.

"போட்டோ வந்துச்சு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ஏரியில தண்ணி நிறைய இருக்கு போல."

"ம்" என்றார் மாஸ்டர்.

மலை இறங்கி முடிகிற இடத்தில்தான் அவருக்கு வாய் வந்தது.

"அந்தப் பின்னாடி பிரேக்கை... நீ பிடிப்பியா?"

"எல்லா இறக்கத்துலயும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கியரை மாற்றினாள். ஒரு லாரியைப் போகவிட்டாள்.

"சொன்னா நம்பிக்கை போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அவள் அப்படிச் சொல்லவில்லை. படித்த பாடத்தைத் திருப்பிச் சொல்கிற நல்ல மாணவி மாதிரிச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வந்தது. பெட்ரோல் பங்க் வந்தது. நேற்றுக் கேலி செய்த பால்காரர் காலிக் கேன்களோடு எதிரே போனார். இப்போது யாருக்கும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காரில் பின்சீட்டு காலியாக இருப்பது வேடிக்கை இல்லையே.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். மாஸ்டர் தன் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. இறங்கி நிற்கப் போகிறாய் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழு, என்ஜினை அணை. ஆளை இறக்கிவிட்டுப் போகப் போகிறாய் என்றால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு இரு. மாஸ்டர் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார். அவள் கை அந்தப் பக்கம் போகவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"டீ குடிச்சிட்டுப் போயேன்."

"சாம்பிள் கெட்டுடும்ங்க."

பைகளை இறக்கினார். கூடாரம், அடுப்பு, நனைந்த போர்வை. மடக்கிய கையோடு இறக்க நேரமாயிற்று. நேரமாகட்டும் என்றுதான் ஒவ்வொன்றாக இறக்கினார். அவள் அவசரப்படுத்தவில்லை. வாசல் மூலையில் செருப்பு இல்லாத இடத்தை அவளும் பார்த்திருக்க வேண்டும். பார்வையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனாள்.

"அந்தச் சைக்கிளை என்ன பண்றது?" என்று கேட்டார்.

"சக்கரத்தைச் சரிபண்ணி யாருக்காவது குடுத்துடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பேர் இருக்கிற வீடாப் பாத்துக் குடுங்க."

"கொஞ்ச நாள்னு சொன்னியே" என்றார் மாஸ்டர். சொல்ல நினைத்த எதுவும் வராமல் அதுதான் வந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக முதுகைப் பார்த்தவள், முகத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறவள் மாதிரி.

"பஞ்சை ராத்திரி எடுத்துடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி விட்டு எடுங்க. இழுக்காதீங்க."

இன்டிகேட்டரைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலேயும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவருடைய மாணவர்கள் எத்தனை தடவை சொன்னாலும் செய்யாதது அது. ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி நகர்ந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வாசலில் மடக்கிய கையோடு நின்று, தான் சொல்லிக்கொடுக்காத ஒருத்தி போவதைப் பார்த்தார்.

தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் காரின் பிரேக் விளக்கு எரிந்தது.

மாஸ்டர் மற்றக் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வைத்தார்.

விளக்கு அணைந்தது. கார் லேசாக ஏறி இறங்கி, முனையில் திரும்பி மறைந்தது. அந்த இடத்தில் ஒரு வேகத்தடை இருப்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.